பஸ்கா ஆட்டுக்குட்டியும் பீட்ரூட்டும்

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகள் சில மாதங்களாக இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. “தேவன் முதலில் தந்தது காய்கனிதானே” என்கிறாள். “இயேசுவே பஸ்கா ஆடு சாப்பிட்டவர்தான், தேவன் கொடுத்ததை ஒதுக்குவது பாவம்” என்கிறார் மாமியார். கிறிஸ்துமஸ் விருந்து நெருங்குகிறது. யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதற்கு வேத ஆதாரம் இருக்கிறது, அம்மா. ஆதியாகமம் 1:29-இல் மனிதனுக்கு ஆகாரமாகக் கொடுக்கப்பட்டவை விதை தரும் பூண்டுகளும் கனிகளும்தான். இறைச்சி வருவது ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, 9-ஆம் அதிகாரத்தில். அதுவும் இரத்தத்தோடு புசிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சாப்பிடலாம் என்றுதான் அங்கே இருக்கிறது. சாப்பிட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

பஸ்கா என்பது எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை. அதில் ஆடு பலியிட்டுப் புசிப்பது கட்டளைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலி எருசலேம் ஆலயத்தோடு பிணைந்தது. கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு யூதர்களிடையே அது நின்றுபோனது. இன்று பஸ்கா இரவில் சுட்ட எலும்பு ஒன்றை நினைவுக்காகத் தட்டில் வைக்கிறார்கள். யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. சைவ யூத வீடுகள் பலவற்றில் எலும்புக்குப் பதில் பீட்ரூட் இருக்கும். இது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த சலுகை இல்லை. அந்த இரவுக்கு வேண்டிய இரண்டு சமைத்த பதார்த்தங்கள் எவை என்று கேட்டதற்கு, பீட்டும் சோறும் போதும் என்று ராவ் ஹூனா என்ற பழங்கால யூத குரு சொன்னது, யூதர்களின் பழைய சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத்திலேயே பதிவாகியிருக்கிறது.

‘ஒதுக்குவது பாவம்’ என்பதற்கு மாமியார் 1 தீமோத்தேயு 4-ஐக் காட்டலாம். அங்கே கண்டிக்கப்படுவது, விலக்கச் சொல்லி மற்றவர்களைக் கட்டாயப்படுத்துகிறவர்களை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் பெரிய நோன்பின் 55 நாளும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் இல்லாமல், பருப்புக் குழம்பும் கடலை மாவில் காய்ச்சிய ஷிரோவுமாகத்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களைவிடப் பழைய சபைகள் உலகில் அதிகம் இல்லை.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயிர்த்தெழுந்த இயேசு பொரித்த மீன் சாப்பிட்டதாக லூக்கா 24 சொல்கிறது. ஆகவே பிரியாணி சாப்பிடுகிறவர்களைப் பாவிகள் என்று அவள் பேசத் தொடங்கினால் அதற்கு வேதத்தில் இடமில்லை. ரோமர் 14:3 இருவருக்குமே எழுதப்பட்டது: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவும் கூடாது.

விருந்தன்று அவளுக்குத் தேங்காய்ப்பாலில் காய்கறிப் புலாவ் செய்யுங்கள்; நெய் வேண்டாம், எண்ணெயில் தாளியுங்கள். கேக் அவளுக்கு ஆகாது. முட்டை இல்லாமல், தேங்காய்ப்பாலில் மாவு கரைத்து அச்சுமுறுக்கு சுடலாம். அந்த வேலையை மாமியாரிடமே கொடுங்கள்.