மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: எந்த முறை யாருக்கு? (கேள்வி பதில்)

கதிர்வீச்சுத் திட்டம் போடுவதுதான் என் வேலை. உங்கள் ஸ்கேனைப் பார்க்காமல் எதைச் செய்யலாம் என்று சொல்ல முடியாது, ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

அப்பாவுக்கு ஒரு டாக்டர் அஞ்சு நாள் கரண்ட் போதும் என்கிறார், இன்னொருவர் அஞ்சு வாரம் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். அஞ்சு நாள் முறையில் தினம் 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மொத்தம் 25. நீண்ட முறையில் தினம் 1.8 கிரே, 25 முதல் 28 சிட்டிங், மொத்தம் 45 முதல் 50.4, கூடவே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை. பாதி அளவுதானே கொடுக்கிறார்கள் என்று பயப்படாதீர்கள், ஒரே நாளில் கூடுதலாகக் கொடுக்கும்போது ஒவ்வொரு கிரேயின் தாக்கமும் கூடும். ராபிடோ ஆய்வில் அஞ்சு நாள் கதிர்வீச்சுக்குப் பிறகு, அறுவைக்கு முன்பே முழுக் கீமோவும் கொடுத்தார்கள். கட்டி முழுவதும் கரைந்தவர்கள் 28 சதவீதம், நீண்ட முறையில் 14 சதவீதம். ஆனால் அஞ்சு வருடம் கழித்துப் பார்த்தால் இடுப்புக்குள்ளேயே நோய் திரும்பியது முதல் குழுவில் 10, மற்றதில் 6 சதவீதம். அதனால் கட்டி அறுவையின் வெட்டு எல்லையை ஒட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐயைக் காட்டிக் கேளுங்கள். ஒட்டியிருந்தால் பலர் நீண்ட முறையையே விரும்புவார்கள்.

ஐஎம்ஆர்டிக்கு (கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் அளவை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறை) கூடுதல் செலவாகும் என்கிறார்கள். பழைய முப்பரிமாண முறையில் நோய் குணமாகாதா?

குணமாகும். கட்டிக்குப் போகிற அளவு இரண்டிலும் ஒன்றுதான், பக்கத்தில் இருக்கும் சிறுகுடல், சிறுநீர்ப்பைக்கு எவ்வளவு சிந்துகிறது என்பதில்தான் வித்தியாசம். தொடை இடுக்கு நிணநீர்க் கணுக்களையும் சேர்க்க வேண்டியிருந்தால், அல்லது சிறுகுடல் இடுப்புக்குள் நிறைய இறங்கிக் கிடந்தால் ஐஎம்ஆர்டியோ, கருவி சுற்றிக்கொண்டே கொடுக்கும் அதன் வகையான விமேட்டோ கேட்டு வாங்குவது நல்லது. மற்றவர்களுக்கு, கடன் வாங்கித்தான் அதற்குப் போக வேண்டும் என்றால், வேண்டாம் என்பேன்.

தினமும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிப் படுத்துகிறார்கள், எதற்கு?

சிறுநீர்ப்பை நிறைந்தால் சிறுகுடலை மேலே தள்ளிவிடும், அவ்வளவுதான், ஆனால் வயிற்றுப்போக்கைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. மேசையில் படுத்ததும் எடுக்கிற ஸ்கேனில் பை சுருங்கிக் கிடந்தால், எழுந்து போய் இன்னும் தண்ணீர் குடித்துக் காத்திருக்கச் சொல்வோம். எரிச்சலாக இருக்கும், தெரியும். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் கதிர் கொடுத்தால்?

கணக்கில் குடலுக்குப் போகிற அளவு குறைகிறது. அதனால் நோயாளிகள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று இந்தப் புற்றில் இன்னும் நிரூபணமாகவில்லை. முன்பே இடுப்பில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

அம்மாவுக்கு ஆசனவாய்க்கு மிக அருகில் கட்டி. வயிற்றில் மலம் சேரும் நிரந்தரப் பை வைக்காமல் தப்பிக்க முடியுமா?

சிலரால் முடியும். சிறிய, ஆழமாகப் போகாத கட்டி என்றால் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் கட்டியின் மேலேயே 50 கிலோவோல்ட் எக்ஸ்ரே கொடுக்கும் முறை ஒன்று உண்டு, மேற்பரப்பைத் தாண்டி அதிகம் போகாது. ஓபரா ஆய்வில், வழக்கமான கீமோ-கதிர்வீச்சோடு இதைச் சேர்த்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் வரை மலக்குடல் காப்பாற்றப்பட்டது. வெளியிலிருந்தே கூடுதல் டோஸ் பெற்றவர்களில் 59. ஆனால் இந்தக் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. அப்புறம், அறுவையைத் தள்ளிப்போட்டால் முதல் இரண்டு வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, எம்ஆர்ஐ என்று விடாமல் வர வேண்டும். வர முடியாது என்றால் இந்த வழியே வேண்டாம்.

எனக்கு 29 வயது, குழந்தை இல்லை. எதுவும் பாதிக்குமா?

கட்டாயம் பாதிக்கும். எந்த முறையானாலும் இடுப்பில் விழும் அளவே சினைப்பை வேலையை நிறுத்தப் போதும், கருப்பையும் பாதிக்கப்படும். கருமுட்டை சேமிப்பு, சினைப்பையை மேலே நகர்த்திவைக்கும் சிறு அறுவை, இரண்டையும் கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: 2023இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில், கட்டி மிகக் கீழே இல்லாத, வெட்டு எல்லையைத் தொடாத நோயாளிகளுக்கு முதலில் கீமோ மட்டும் கொடுத்து, கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்குக் கதிர்வீச்சே தராமல் அறுவைக்கு அனுப்பினார்கள், நோய் திரும்புவதிலோ உயிர் பிழைப்பதிலோ முடிவு மோசமாகவில்லை. நீங்கள் அந்த வகையா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.