ஸ்காலர்ஷிப் வரும் வரைக்கும் வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) கிடைத்திருக்கிறது. நாங்கள் ராஜபாளையம். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் தையல். வருமானச் சான்றில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பி.சி. வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தச் சலுகை 25,000 போக டியூஷன் 30,000, இதர கட்டணம் 20,000, விடுதியும் மெஸ்ஸும் 85,000 என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் கட்டணும். கையில் 45,000 இருக்கிறது. மூணு பவுன் நகை உண்டு. 50,000 ரூபாய் சீட்டு ஒன்று எட்டு மாதம் கட்டியாச்சு, இன்னும் பன்னிரண்டு மாதம் பாக்கி. தெரிந்தவர் ஒருவர் 90,000 ரூபாயை இரண்டு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். ஸ்காலர்ஷிப், புதுமைப்பெண் பணமெல்லாம் வந்ததும் அடைத்துவிடலாமா? லேப்டாப்பும் இப்போதே வாங்கணுமா?

பதில்: அம்மா, மகளுக்கு முதலில் என் வாழ்த்து. அந்தத் தெரிந்தவரிடம் மட்டும் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். 90,000 ரூபாய்க்கு மாதம் 1,800 ரூபாய் வட்டி மட்டுமே போகும். அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் வருவது மாதம் 1,000. அரசு கொடுக்கும் ஆயிரத்தை அப்படியே அவரிடம் நீட்டி, அதோடு உங்கள் தையல் காசில் எண்ணூறும் சேர்த்துக் கொடுப்பீர்கள். அசல் ஒரு பைசா குறைந்திருக்காது.

நீங்கள் எல்லா உதவியையும் "வரப்போகிற பணம்" என்று ஒரே கணக்கில் வைத்திருக்கிறீர்கள். அவை மூன்று விதம். முதல் பட்டதாரி சலுகை கல்லூரி கவுன்ட்டரிலேயே கழிந்துவிடுகிறது, அது கையில் வராது. கல்விக் கடனில் வங்கி நேராகக் கல்லூரிக்குக் கட்டுகிறது. ஸ்காலர்ஷிப்பும் புதுமைப்பெண்ணும்தான் மகளின் கணக்குக்கு வரும். கிடைத்தாலும், எப்போது என்பது உறுதியில்லை. விண்ணப்பம், கல்லூரியின் சரிபார்ப்பு, துறையின் ஒப்புதல் எல்லாம் முடிந்து சில பேருக்கு இரண்டாம் செமஸ்டரில்தான் பணம் ஏறுகிறது. அதனால் முதல் செமஸ்டர் கணக்கில் இந்த மூன்றாவது வகைக்குப் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

இந்தப் பத்து நாளைக்கு என் கணக்கு இது. டியூஷன் 30,000, இதர 20,000, ஆக 50,000 ரூபாயை உடனே கட்டிவிடுங்கள். விடுதிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். வருமானச் சான்று நகலோடு எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். முதல் தவணை 42,500. ஆக மொத்தம் 92,500 தேவை. கையில் உள்ள 45,000 போக மீதிக்கு, நகையில் ஒரு பகுதியை உங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வைத்து 60,000 எடுங்கள். அங்கே வட்டி ஆண்டுக்குச் சுமார் 9, 10 சதவீதம், அதாவது மாதம் 500 ரூபாய்க்குள். கட்டணம் போக 12,500 மிஞ்சும். பஸ், பாய் தலையணை, வாளி, முதல் மாதச் செலவு எல்லாம் அதில் அடங்கும். நகையை வைக்க மனசு வராதுதான். ஆனால் இது ஆறேழு மாதத்துக்கான ஏற்பாடு. மீட்க வழி கீழே இருக்கிறது.

கல்விக் கடனுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிட்டு, உங்கள் ஊரில் கணக்கு இருக்கும் கிளைக்கே நேரில் போங்கள். ஆண்டுக்கு 90,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 3,60,000 கேளுங்கள். 4 லட்சத்துக்குள் இருப்பதால் சொத்து ஜாமீனோ, மூன்றாம் நபர் ஜாமீனோ, உங்கள் பங்காக முன்பணமோ கேட்கக் கூடாது. விடுதி, மெஸ், புத்தகம், கணினி எல்லாவற்றையும் கடனில் சேர்க்கலாம். அனுமதி நான்கு ஆண்டுக்கும் இருக்கட்டும், எடுப்பது அந்தந்த ஆண்டுக்குத் தேவையானது மட்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு தவணை கட்டாத அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு மகள் சேரும் கல்லூரிக்கு நாக் (கல்லூரித் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) தரச் சான்றோ, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரமோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மானியம் தானாக வராது. உங்கள் கிளைதான் கனரா வங்கி வழியாகக் கோரிப் பெற வேண்டும். கிளை மேலாளர் மாறிப் போனால் இந்த வேலை மறந்தே போகும். ஆண்டுக்கு ஒரு முறை போய் "கோரிவிட்டீர்களா சார்?" என்று கேளுங்கள், தப்பில்லை. மற்ற உதவித்தொகைகள் எதையும் வங்கியிடம் மறைக்க வேண்டாம். சில மானியங்களைச் சேர்த்து வாங்க முடியாது. பின்னால் தெரிந்தால் மானியத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள்.

கடனில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆட்டோக் கடனில் பாக்கித் தவணை ஏதும் இருந்தால், வங்கிக்குப் போகும் முன் அதை நேர் செய்யுங்கள். கடன் அனுமதியானதும் இரண்டாம் தவணை விடுதிக் கட்டணம் நேரே போய்விடும். நீங்கள் முன்பே கட்டிய முதல் தவணைக்கு ரசீதைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். பல கிளைகளில் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தோடு கையிலிருப்பதைச் சேர்த்து நகையை மீட்கலாம். ரசீது என்றால் டியூஷன் தனி, இதர தனி, விடுதி தனி என்று பிரித்து அச்சிட்டது. "இதர 20,000" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் அதில் என்னென்ன என்று கேளுங்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு விதித்ததற்கு மேல் வாங்க முடியாது. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கியும் பொறுப்பில்லை.

உதவித்தொகை விஷயத்தில் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது பணத்தில் இல்லை, வங்கிக் கணக்கில்தான். உங்கள் மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். பள்ளி உதவித்தொகைக்காக ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ திறந்த மைனர் கணக்கு ஒன்று இருக்கும். பதினெட்டு முடிந்த நாளில் அதில் உங்கள் கையெழுத்து செல்லாது. அவளே போய்ப் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சான்றுகளும் கொடுக்கும் வரை கணக்கு நின்றுவிடும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டாலும் செயலற்ற கணக்கு ஆகிவிடலாம். குறைந்த ஆவணத்தில் திறந்த "ஸ்மால் அக்கவுண்ட்" என்றால் ஓராண்டில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. அந்த வரம்பைத் தாண்டினால் உதவித்தொகை வரவு தடைப்படலாம். கோவைக்குக் கிளம்பும் முன் பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் இதையெல்லாம் முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஆதார் சீடிங். ஆதார் எண்ணைக் கணக்கில் பதிந்திருப்பதும், அரசுப் பணம் வரும் கணக்காக அதை இணைத்திருப்பதும் வேறு வேறு. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் செய்தோமோ, பணம் அங்கேதான் போகும். கல்லூரி முதல் வாரத்தில் வளாகத்தில் மேசை போட்டு ஏதாவது ஒரு வங்கி புதுக் கணக்கு திறந்து கொடுக்கும். படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் சீடிங் அங்கே மாறிவிடும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்துப் பணம் வரவில்லை என்று நீங்கள் இங்கே தவித்துக்கொண்டிருப்பீர்கள். கணக்கு திறக்கட்டும், அந்தக் கட்டத்தை மட்டும் தொட வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். பெயரும் பாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும்.

எதெல்லாம் கிடைக்கும்? ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்பதால் புதுமைப்பெண் உண்டு. இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும் என்பதால் அது இல்லை. புதுமைப்பெண்ணுக்குக் கல்லூரியில் யு.எம்.ஐ.எஸ். (கல்லூரி மாணவர் விவரத் தளம்) பதிவு பார்க்கும் ஆசிரியரிடம் போக வேண்டும். பள்ளியில் மகளுக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை (மாணவர் பதிவு எண்) இப்போதே வாங்கி வையுங்கள். பெரிய தொகை, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பம் படிக்கும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். முதலாண்டில்தான் விண்ணப்பிக்க முடியும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வரிசைப்படி தேர்வு. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் பதியும்போது இதையே தேர்ந்தெடுக்கட்டும். அதே போர்ட்டலில் உள்ள 12,000 ரூபாய் மத்திய உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. பி.சி. உதவித்தொகையைப் பிரகதியோடு வைத்துக்கொள்ளலாமா என்பதைக் உதவித்தொகை விஷயங்களைப் பார்க்கும் கல்லூரி நோடல் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். பிரகதி கிடைத்தால் அடுத்த ஆண்டு கடனில் அந்த அளவு குறைத்து எடுங்கள்.

85,000 ரூபாய் விடுதி தேவையா என்றும் ஒரு தரம் யோசியுங்கள். கோவையில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் மாணவியர் விடுதி கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தால் தங்கலும் சாப்பாடும் இலவசம். வருமான உச்சவரம்பு உங்களுக்குப் பிரச்சினை இல்லை, பெண் பிள்ளைகளுக்குத் தூரக் கணக்கும் கிடையாது. ஊரின் எந்த மூலையில் கல்லூரி என்பதைப் பொறுத்தது. இரவு ஏழு மணிக்கு லேப் முடிந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்றால் காசு மிச்சம் என்று பார்க்க வேண்டாம்.

லேப்டாப் இப்போது வேண்டாம். முதலாண்டு பாடம் பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். புரோகிராமிங்குக்குக் கல்லூரி லேப் இருக்கிறது. டிராஃப்டரும் (படம் வரையும் கருவி) லேப் கோட்டும் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். கடன் விண்ணப்பத்தில் மட்டும் கணினிக்கு ஒரு தொகை எழுதி வையுங்கள், இரண்டாம் ஆண்டில் எடுக்கலாம்.

போனில் "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வர ரகசிய எண் (PIN) போட வேண்டியதே இல்லை. ஏமாந்துபோனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள். விடுதியில் யாராவது "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் இவ்வளவு தரேன்" என்று கேட்டால், அது மோசடிப் பணம் போய்வரும் வழி. கணக்கு யார் பெயரிலோ அவர் மேல்தான் வழக்கு வரும். மகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு இல்லை என்று சொல்லாத பிள்ளைகள்தான் இதில் சிக்குகிறார்கள்.

சீட்டைப் பற்றி. இப்போது தள்ளி எடுத்தால் பத்தாயிரமாவது தள்ளுபடி போகும், மீதிப் பன்னிரண்டு மாதமும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்காதீர்கள். நடத்துகிறவர் பதிவு பெற்றவர்தானா என்று மட்டும் பார்த்துக்கொண்டு கடைசி வரை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து அது முதிரும்போது இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சீட்டு கையில் வந்திருக்கும்.