வாசகர் கேள்வி: நிலநடுக்கத்துக்கு முன்பே கட்டடத்தை வலுப்படுத்த என்ன செலவாகும்?

கேள்வி: வேளச்சேரியில் 1996-ல் கட்டிய அடுக்ககம் எங்களுடையது. கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, 12 வீடுகள். நிலநடுக்கம் தாங்கும்படி தூண்களைப் பலப்படுத்த இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்கு கேட்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போடுவது ஜாக்கெட்டிங். பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான ஐஎஸ் 15988 என்ற இந்தியத் தர விதிப்படி அதன் கனம் குறைந்தது 100 மி.மீ. இருக்க வேண்டும். 230 x 450 மி.மீ. தூண் 430 x 650 ஆகும். மூன்று மீட்டர் உயரத்துக்குப் புதுக் கான்கிரீட் அரை கன மீட்டரைச் சற்றே தாண்டும். 16 தூண்கள் என்றால்கூட எட்டரை கன மீட்டர்தான், ரெடிமிக்ஸ் லாரி இரண்டு நடை. ஆக, பணம் கான்கிரீட்டில் போகவில்லை.

போவது தரைக்குக் கீழே. நிலநடுக்கத்தில் தூணின் அடியிலும் தலையிலும்தான் வளைவு விசை அதிகம். புதுக் கம்பி ஃபுட்டிங் (தூணின் அடி அஸ்திவாரம்) வரை இறங்கி, அங்கே துளை போட்டு எபாக்ஸி என்ற ரசாயனப் பசையில் பதிந்திருந்தால்தான் ஜாக்கெட் வேலை செய்யும். அதற்கு ஒவ்வொரு தூணையும் சுற்றித் தோண்ட வேண்டும். உங்கள் பகுதிக் களிமண்ணில், நிலத்தடி நீர் மேலே இருக்கும் மாதங்களில், மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டேதான் வேலை நடக்கும். வழியில் கழிவுநீர்க் குழாய், சம்ப், மின் கேபிள் எது வந்தாலும் மாற்ற வேண்டும். குறைந்த விலை சொன்னவர் தரைத்தளத்திலேயே கம்பியை ஆரம்பிக்கிறாரா என்று கேளுங்கள். அப்படியானால் வேண்டாம். அது தூணைப் பருமனாக்குமே தவிர, அடியில் ஒடிவதைத் தடுக்காது.

தலைப்பகுதியிலும் இதே சிக்கல் உண்டு. கான்கிரீட்டைப் பக்கவாட்டிலிருந்து ஊற்றினால் பீமுக்குக் கீழே விரலளவு இடைவெளி நின்றுவிடும். காய்ந்தாலும் சுருங்காத கிரௌட் என்ற சிமென்ட் குழம்பை அழுத்தி நிரப்பினால்தான் அந்த இடைவெளி அடையும். பழைய தூணின் பூச்சை உரித்து, ஜல்லி தெரியக் கொத்தி, தூசியைக் கழுவிய பிறகே புதுக் கான்கிரீட் ஒட்டும். துளைக்குள் தூசி இருந்தால் எபாக்ஸியும் பிடிக்காது. பிரஷ், ப்ளோயர் இரண்டும் தளத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இவையெல்லாம் கூலிச் செலவு. பட்டியலில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

விலையை ஏற்றும் இன்னொன்று காணாமல்போன வரைபடம். உள்ளே எத்தனை கம்பி, ரிங் எவ்வளவு இடைவெளியில் என்று தெரியாதபோது, பழைய தூணின் பலத்தை முழுசாகக் கணக்கில் எடுக்க விதியே விடாது. ஒரு குறைப்புக் காரணியால் பெருக்கச் சொல்கிறது. பழைய தூணைக் குறைவாக மதிப்பிட்டால், அதன்மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியது கூடும். பில்டரிடமோ, அனுமதி வாங்கிய கோப்பிலோ ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் கம்பி காட்டும் கருவி, கான்கிரீட்டைத் தட்டி பலம் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், துளைத்து எடுக்கும் சில கோர் மாதிரிகள் என்று சோதிக்கலாம். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே, அவரோடு தொடர்பில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். அவர் தரும் ஒரே வரைபடத்துக்கு எல்லாரும் விலை சொன்னால்தான் ஒப்பிடவே முடியும்.

அந்த இன்ஜினீயரிடம் ஒரு மாற்று வழியையும் கேட்கலாம். எல்லாத் தூணையும் தொடாமல், கார் நிறுத்தத்தில் சில இடங்களில் மட்டும் கான்கிரீட் சுவர் எழுப்புவது. தோண்டும் இடங்கள் குறையும், ஆனால் அந்தச் சுவருக்கு அடியில் பெரிய அஸ்திவாரம் வேண்டும். இரண்டு திசைகளிலும் சமச்சீராக வர வேண்டும். கார் நிறுத்த வசதி என்று ஒரே ஓரத்தில் போட்டால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். ஜாக்கெட்டிங்கிலும் இடம் போகும்: இரண்டு தூணுக்கு நடுவே 200 மி.மீ. குறையும். சங்கக் கூட்டத்தில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். பாதி வேலையில் சண்டை வந்து நின்றால் சாரத்துக்கும் முட்டுக்கட்டைகளுக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் அவசியமா என்று உங்கள் சங்கத்தில் கேட்பார்கள். சென்னை, நிலநடுக்க ஆபத்து முன்பைவிடக் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது 2002-ல்; உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது. 2001 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்ககங்களில் பல உங்களுடையதைப் போலவே கீழே கார் நிறுத்தம் கொண்டவை.

கேள்வி: தோண்டாமல், தூணில் கார்பன் ஃபைபர் துணியைச் சுற்றினால் போதும், வேகமாக முடியும் என்கிறார்களே?

பதில்: வேகம் உண்மை. தூண் நசுங்குவதையும் குறுக்காக வெட்டுப்படுவதையும் அது நன்றாகத் தடுக்கும். ஆனால் தரைத்தளத்தின் விறைப்பைப் பெரிதாகக் கூட்டாது. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் உங்களுடையதைப் போன்ற ஸ்டில்ட் கட்டடத்தின் நோயே அந்த விறைப்புக் குறைவுதான். 230 x 600 போன்ற தட்டையான தூணில் பலனும் குறைவு, ஏனென்றால் இறுக்கம் மூலைகளில்தான் சேரும். மூலைகளை 25 மி.மீ. அளவுக்காவது உருட்டாமல் சுற்றினால் துணி அங்கேயே அறுபடும். கம்பி துருப்பிடித்திருந்தால், உடைத்துச் சுத்தம் செய்து பூசிய பிறகே எதையும் சுற்ற வேண்டும். மூடிவிட்டால் துரு உள்ளே ஊதிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: கோவையில் 60 வருடப் பழைய செங்கல் வீடு, ஓட்டுக் கூரை. எங்களுக்கும் இவ்வளவு செலவா?

பதில்: இல்லை. 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியே நிலநடுக்கம் கண்ட ஊர், அதனால் செய்வது நல்லது. ஆனால் செங்கல் வீட்டுக்கு வழி எளிது. ஜன்னல், கதவுத் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) பட்டை கட்ட வேண்டும். பூச்சை உரித்து, செங்கல் இடுக்குகளை 12 முதல் 15 மி.மீ. ஆழம் சுரண்டி, கழுவி, 1:3 கலவையில் முதல் பூச்சு. அது பச்சையாக இருக்கும்போதே 150 மி.மீ. ஆணியால் மெஷ்ஷைப் பிடித்து, மேலே இரண்டாம் பூச்சு. பிறகு நன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும். மெஷ் மூலையில் வெட்டுப்படக் கூடாது. வளைந்து அடுத்த சுவருக்குப் போய் 300 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். கொத்தனார்கள் வசதிக்காக மூலையில்தான் வெட்டுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள். கூரை உத்திரங்களையும் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணையுங்கள். செலவில் பெரும்பங்கு உரிப்பதும் பூசுவதும் பெயின்ட் அடிப்பதும்தான். எப்படியும் வெளிப்பூச்சைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் சாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள்.