பிறந்தவுடன் அழாததால் கண்ணில் புற்றுநோய் வருமா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டரை வயது. கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதே என்று காட்டப் போனோம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் என்று சொல்லி வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் இரண்டு சிறிய கட்டிகள், கீமோ நடக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் கிளம்பும் ஒரு புரதம்தான் கண் கட்டியை வளர்க்கிறது என்று உறவுக்காரப் பையன் செல்போனில் படித்துக் காட்டினான். இவன் பிறந்தவுடன் அழவில்லை, நீலம் பாரித்திருந்தான். அதனால் வந்ததா? என் மகள் அதையே சொல்லி அழுகிறாள். ஆக்சிஜன் அறைக்குள் உட்கார வைத்தால் கட்டி கரையும் என்கிறார்களே, கூட்டிப் போகலாமா? மகளுக்கு இரண்டாவது பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதனால் நான்தான் அலைகிறேன்.
— ஒரு பாட்டி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஒரு மாதக் குழந்தையின் கண்களை யாராவது பார்த்தார்களா? டார்ச் அடித்துப் பார்த்தது கணக்கில் சேராது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து விழித்திரை முழுவதையும் பார்க்க வேண்டும். இந்த வாரமே, பேரனைப் பார்க்கும் அதே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பேரனுக்கு இரண்டு கண்ணிலும் வந்திருப்பதால் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும் தேவை. அதில் கோளாறு எது என்று தெரிந்தால், தம்பியோ தங்கையோ அதைச் சுமக்கிறதா என்பதைச் சொல்லிவிடலாம்.

பிரசவத்துக்கு வருகிறேன். 13ஆவது குரோமோசோமில் ஆர்.பி.1 என்ற மரபணு இருக்கிறது. செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு செல்லிலும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் கெட்டால்தான் விழித்திரையில் கட்டி முளைக்கும். இதை 1971இலேயே நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர் கணித்துச் சொன்னார். இரு கண்ணிலும் வரும் குழந்தைக்கு ஒரு பிரதி கருவிலேயே கெட்டிருக்கும். பெரும்பாலான குடும்பங்களில் தாய் தகப்பனிடம் அந்தக் கோளாறு இருப்பதுகூட இல்லை. பிள்ளையிடம் புதிதாக நேர்ந்தது. அழாமல் பிறந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. உங்கள் மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பையன் படித்தது பொய்யில்லை. முன்பின் மாறிவிட்டது, அவ்வளவுதான். முதலில் கட்டி, பிறகுதான் கட்டிக்குள் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுமுட்டல். டெல்டாக்காரரான உங்களுக்குக் கடைமடை என்றால் புரியும். ரெட்டினோபிளாஸ்டோமாவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ரத்தக்குழாயைச் சுற்றி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புக்கு மட்டும் செல்கள் உயிரோடு இருக்கும், வாய்க்கால் ஓரத்துப் பயிர்போல. அதற்கு அப்பால் ஆக்சிஜன் எட்டாமல் செத்துக் கிடக்கும், சுண்ணாம்பும் படிந்திருக்கும். செத்ததற்கும் பிழைத்ததற்கும் நடுவில் திணறுகிற செல்களில்தான் ஹிஃப் என்ற இந்தப் புரதம் சேர்கிறது.

ஹிஃப் வேண்டாத பொருள் அல்ல. நம் செல்கள் இதை ஓயாமல் செய்கின்றன. ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு நொதி இதன்மேல் அடையாளம் வைக்க, வி.எச்.எல். என்ற புரதம் அதைப் பிடித்துச் சில நிமிடங்களில் குப்பைக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. தப்பிய ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய், புது ரத்தக்குழாய் வெட்டவும் சர்க்கரையை அதிகம் இழுக்கவும் உத்தரவிடும். மலைமேல் போய்த் தங்குகிறவர்களுக்குச் சிவப்பணு கூடுவது இதனால்தான். இதைக் கண்டுபிடித்த செமென்ஸா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்லதுக்கு இருக்கிற இந்த ஏற்பாட்டைக் கட்டி தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. புதுக் குழாய்கள் கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழிப்படலத்தில் (ஐரிஸ்) படர்ந்து நீர் வடியும் வழியை அடைத்தால் கண் அழுத்தம் ஏறிச் சிவந்து வலிக்கும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கதிர்வீச்சு இரண்டரை, மூன்று மடங்கு தேவைப்படும். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து அந்தப் பையன் பெல்ஸூட்டிஃபான் மாத்திரையைக் காட்டுவான். ஹிஃப் வகையில் ஒன்றைத் தடுக்கும் மருந்துதான்; 2021இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் அந்த அனுமதி வி.எச்.எல். மரபணுவே கெட்டுப்போன வேறொரு நோய்க்கு. உங்கள் பேரனுக்கு உரியதல்ல.

ஆக்சிஜன் அறை வேண்டாம். அவன் ரத்தத்தில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் நம்மைப்போலவே காட்டும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, கட்டிக்குள் வாய்க்கால் ஒழுங்காக இல்லை. அந்த அறை இந்த நோய்க்கான சிகிச்சையும் அல்ல. அங்கே போவதற்காக ஒரு கீமோ தேதியோ, மயக்கம் கொடுத்துக் கண் பார்க்கும் தேதியோ தள்ளிப்போனால் இருக்கிற ஒரு கண்ணுக்கு ஆபத்து. பணத்தை முறியாத பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கச் செலவழியுங்கள். விளையாடும்போது அந்தக் கண்ணில் அடிபடக் கூடாது.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள்.