சீதைக்குக் குரல் கொடுத்தவர்

அன்புள்ள அக்கா,

பழைய இசைத்தட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நீனா பேலியின் ‘சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்’ அனிமேஷன் படத்தைத் தேடிப் பார்த்தேன். படத்தில் சீதை பாடும்போதெல்லாம் 1920களின் அமெரிக்கப் பாடகி ஆனெட் ஹான்ஷாவின் குரல்தான் வருகிறது. படம் பிடித்திருந்தது, குரல் மட்டும் ஒட்டவே இல்லை. கணவன் ஒதுக்கிவைத்த ஒருத்தி இப்படியா செல்லம் கொஞ்சுவதுபோலப் பாடுவாள்? அந்தக் காலத்து ஃப்ளாப்பர், அதாவது நவநாகரிகப் பெண் பாடகிகள் எல்லோருக்குமே பொம்மைக் குரல்தானா? பாட்டு முடிந்ததும் ‘தட்ஸ் ஆல்’ என்று வேறு சொல்கிறார். அது எதற்கு?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்லும் பொம்மைக் குரல் உண்மையில் ஹெலன் கேன் என்ற இன்னொரு பாடகியுடையது. 1928இல் ஒரு காதல் பாட்டுக்கு நடுவே ‘பூப்-ஊப்-எ-டூப்’ என்று சிணுங்கினார். அது ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. பிறகு பெட்டி பூப் கார்ட்டூன் வந்தபோது, என் பாணியைத் திருடிவிட்டார்கள் என்று இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1934இல் தோற்றுப்போனார். கேனுக்கு முன்னாலேயே பேபி எஸ்தர் என்ற கறுப்பினச் சிறுமி மேடையில் இப்படிப் பொருளில்லாத ஒலிகளைச் சேர்த்துப் பாடிவந்தாள் என்று எதிர்த்தரப்பு சாட்சி கொண்டுவந்ததுதான் வழக்கில் பெரிய திருப்பம். அந்தச் சிறுமிக்கு இதில் ஒரு காசும் வரவில்லை.

ஹான்ஷாவையும் கேன் மாதிரி பாடச் சொன்னார்கள். பாடவும் செய்தார், ஆனால் டாட் டேர், பாட்ஸி யங் என்று வேறு பெயர்களில். சொந்தப் பெயரில் பாடிய தட்டுகளில் கேட்பது வேறு குரல். அது ஏன் அவ்வளவு மெல்ல ஒலிக்கிறது என்று தெரிய, அந்த நாட்களில் பாட்டை எப்படிப் பதிவு செய்தார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1925 வரைக்கும் ஒலிப்பதிவில் மின்சாரமே கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதன் வாய்க்குள் முகத்தை நுழைக்காத குறையாகப் பாட வேண்டும். அந்தக் குரலின் அழுத்தம்தான் மறுமுனையில் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். உச்ச சுரம் வந்தால் தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி எகிறித் தட்டு பாழாகிவிடும். மெதுவாகப் பாடினாலோ எதுவுமே பதியாது. டிரம்பெட்காரர் தள்ளி நிற்பார். மெழுகு இறுகாமல் இருக்க அறையைச் சூடாகவே வைத்திருப்பார்கள். அதில் வேர்த்துக்கொண்டு, சுமார் மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடிக்க வேண்டும்.

ஆகவே அந்தக் குழாய்க்கு ஈடுகொடுக்கக் கூடாரத்திலும் தெருவிலும் பாடிப் பழகிய தொண்டை வேண்டியிருந்தது. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித் ஒரு ப்ளூஸ் பாட்டை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டைப் பதிவு செய்தார். அது விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான் கறுப்பினப் பெண்கள் பாடும் தட்டுகளை வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. 1923இல் பெஸ்ஸி ஸ்மித் வந்தார். ஒலிபெருக்கி இல்லாமலே கூடாரத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். ஃப்ளாப்பர் என்றதும் குட்டைத் தலைமுடி, முட்டி வரை பாவாடை என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் நம் கண்முன் வருகிறாள். ஆனால் குடியையும் காமத்தையும் தப்புக் கணவனையும் வெளிப்படையாகப் பாடியவர்களில் முன்னால் நின்றவர்கள் மேமி, பெஸ்ஸி போன்ற கறுப்பினப் பெண்கள்தான். பெஸ்ஸி தன் குழுவுக்கென்று ஒரு ரயில் பெட்டியையே வைத்திருந்தார். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் விடுதிகளில் அவர்களுக்கு அறை கிடையாது, ஆகவே பெட்டியிலேயே தூங்கிக்கொள்ள.

சரி, ஹான்ஷாவுக்கு வருவோம். 1925இல் மைக் வந்தது. அடுத்த ஆண்டே அவர் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தார். கூம்புக் குழாய்க்காகக் கத்திப் பழகாதவர். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவில் பாடினாலே போதும், மைக் அதை எடுத்துக்கொண்டது. மேடை அவருக்கு ஒத்துவரவில்லை, கூச்சம். மைக் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட ஒருவர் பாடகி ஆகியிருக்கவே முடியாது. நீங்கள் செல்லம் என்று கேட்டது அந்த அண்மையைத்தான் என்று நினைக்கிறேன்.

படத்தில் வரும் ‘ஆம் ஐ ப்ளூ’ (‘நான் சோகமாக இருக்கிறேனா?’) பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் அதை முதலில் ஒரு சினிமாவில் பாடியவர் கறுப்பினப் பாடகி எத்தல் வாட்டர்ஸ். அவ்வளவு பெரிய பாடகியைத் தலையில் முண்டாசும் கையில் பருத்திக் கூடையுமாக, வயல் கூலிக்காரிபோல நிற்க வைத்திருப்பார்கள். பார்க்கவே எனக்கு மனம் கசக்கும். ஆனால் குரலில் அந்த வேஷம் ஒட்டவில்லை, நிமிர்ந்து பாடுகிறார். அதே ஆண்டு ஹான்ஷாவும் அதைப் பாடினார். ஒரு சொல்லைக்கூட இழுத்து அழுவதில்லை. தாளத்துக்கு இம்மி பின்னால் சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அழுது முடித்துவிட்டு, முகம் கழுவி, பக்கத்து வீட்டு அக்காவிடம் வந்து விஷயத்தைச் சொல்கிற ஒருத்தியின் பேச்சு அது. சீதைக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். புலம்புகிற சீதையை நாம் நிறையக் கேட்டாயிற்று.

காசு விஷயமும் சொல்ல வேண்டும். பெஸ்ஸியின் முதல் தட்டில் இருந்த ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ லட்சக்கணக்கில் விற்றது. அவருக்குத் தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கைக்காசுதான், ராயல்டி என்ற விற்பனைப் பங்கு கிடையாது. அந்தப் பாட்டைப் பியானோ கலைஞர் லவி ஆஸ்டினோடு சேர்ந்து உருவாக்கிய ஆல்பெர்ட்டா ஹண்டரும் ஒரு பாடகி. தாய் இறந்த பிறகு பாட்டை விட்டுவிட்டு, வயதைக் குறைத்துச் சொல்லி நர்ஸ் வேலையில் சேர்ந்தார். இருபது வருஷம் பார்த்தார். எழுபது ஆகிவிட்டது என்று 1977இல் ஓய்வு கொடுத்தார்கள், அப்போது உண்மையான வயது 82. அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு உணவகத்தில் மறுபடி பாடத் தொடங்கினார். அந்த வயதில் அவர் பாடியது பதிவாகியிருக்கிறது, கேட்டுப் பாருங்கள், நடுக்கமே இல்லை.

ஹான்ஷா திரும்பி வரவில்லை. 1930களிலேயே நிறுத்தியவர் 1985இல் இறந்தார். தன் தட்டுகள் தனக்கே பிடிக்காது என்று முதுமையில் சொல்லியிருக்கிறார், எனக்கு அதை நினைத்தாலே வருத்தமாக இருக்கும். நீங்கள் பார்த்த படம் 2008இல் வந்தது. அதை வெளியிடுவதில் வந்த சிக்கல்கூட ஹான்ஷாவின் குரலுக்காக இல்லை. பாடல்களின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை வைத்திருந்த கம்பெனிகளுக்கு நீனா பேலி 50,000 டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது.

‘தட்ஸ் ஆல்’, ‘அவ்வளவுதான்’, என்பது முதல் பதிவின்போது பாட்டு முடிந்ததும் தானாக வாயில் வந்தது. கம்பெனிக்குப் பிடித்துப்போக, அதுவே அவருடைய முத்திரை ஆகிவிட்டது. கல்கத்தாவில் 1902இல் பாடிய இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானும் தட்டின் கடைசியில் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்பார். தட்டை அச்சடித்தவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள், லேபிளில் யார் பெயரைப் போடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஹான்ஷாவுக்கோ எத்தனையோ தட்டுகளில் சொந்தப் பெயரே இல்லை.

முதலில் எத்தல் வாட்டர்ஸ் பாடிய ‘ஆம் ஐ ப்ளூ’வைக் கேளுங்கள். அப்புறம் ஹான்ஷாவுடையதை. இரண்டையும் ஒரே இரவில் கேட்டுவிட்டு மறுநாள் படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா