டூ வீலர் கேள்வி–பதில்: கியர் ஆயில் எங்கே போகிறது?

என் 110 சிசி ஸ்கூட்டரில் பின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டு முறை கேபிளை டைட் செய்து கொடுத்தார்கள். சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு படிகிறது. “எல்லா வண்டியிலும் லேசா வரும், சகஜம்தான்” என்கிறது சர்வீஸ் சென்டர். உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

சகஜம் இல்லை. அந்த வண்டியைச் சரி செய்யும் வரை ஓட்டாதீர்கள். பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறது. கேபிளை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நனைந்த பிரேக் ஷூ பிடிக்காது.

ஸ்கூட்டரில் பெல்ட் ஓடும் பகுதி முழுக்க உலர்ந்தது, அங்கே எண்ணெய்க்கு வேலையே இல்லை. பின் சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன கியர் பெட்டி தனியாக இருக்கிறது, அதற்கு மட்டும் தனி ஆயில். ஹோண்டா ஆக்டிவாவில் மாற்றும்போது ஊற்றுவது 120 மி.லி. தான், சுமாராக ஒரு டீ கிளாஸ் அளவு. இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் 30 மி.லி. ஒழுகினாலே கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். வீட்டு வாசலில் பெரிய கறை எதுவும் தெரியாது. பல் தேய்ந்து ‘ஊய்ங்’ என்று சத்தம் வரும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள்.

இந்தப் பெட்டியிலிருந்து இரண்டு ஷாஃப்ட் வெளியே வருகின்றன, இரண்டிலும் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் உண்டு. பின் சக்கரம் மாட்டும் ஷாஃப்டின் சீல் போனால் ஆயில் டிரம்முக்குள் இறங்கும். கிளட்ச் மாட்டும் ஷாஃப்டின் சீல் போனால் பெல்ட் பெட்டிக்குள் வரும். பெல்ட் வழுக்கும், ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. உங்களுடையது முதல் வகை.

முதலில் அளவைப் பாருங்கள். சமதரையில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, பெட்டியின் பின்புறம் உள்ள லெவல் போல்ட்டைக் கழற்றினால் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலை விட்டும் தொட முடியவில்லையென்றால் குறைந்துவிட்டது. போல்ட்டைத் திறந்ததும் ஆயில் கொட்டினால் யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். சீல் ஒழுக அதுவும் ஒரு காரணம். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்கால வெள்ளத்தில் சக்கரம் மூழ்க ஓட்டிய ஸ்கூட்டர்களில் இதைப் பார்க்கலாம். சூடான பெட்டி திடீரெனக் குளிரும்போது மேலே உள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தக் காற்றுத் துளையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சேறு அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் சில மாதங்களில் ஒழுகும். அடுத்தது பேரிங். மெயின் ஸ்டாண்டில் சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆடும் ஷாஃப்டில் எந்த சீலும் நிற்காது. அப்போது கியர் பெட்டியைத் திறந்து பேரிங், கேஸ்கட், சீல் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆட்டம் இல்லையென்றால் சைலன்சரையும் சக்கரத்தையும் கழற்றி சீலை மட்டும் மாற்றினால் போதும். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும், அதே அளவு வாங்குங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கமாக, அதாவது உள்நோக்கி இருக்க வேண்டும். சீலின் உதட்டில் (ஷாஃப்டைத் தொடும் உள்விளிம்பு) லேசாக கிரீஸ் தடவி, சரியான அளவுக் குழாயை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓரமாகக் குத்தி இறக்கினால் உதடு அன்றைக்கே கிழியும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் புது சீலும் நிற்காது.

ஷூக்களைக் கட்டாயம் மாற்றுங்கள். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது பரவலான பழக்கம். உறிஞ்சிய எண்ணெய் அடுத்த சூட்டிலேயே மேலே வந்துவிடும். டிரம்மை மட்டும் பிரேக் கிளீனரால் துடைத்துப் பயன்படுத்தலாம். கடைசியாக ஆயில்: ஆக்டிவாவுக்கு என்ஜினுக்கு ஊற்றும் அதே 10டபிள்யூ-30. மற்ற வண்டிகளுக்கு வேறு கிரேடு இருக்கலாம், உரிமையாளர் கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள்.

150 சிசி பைக். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூடியின் அடியில் ஆயில் சொட்டுகிறது. “கியர் பாக்ஸ் சீல்” என்று மாற்றினார்கள், மறுபடியும் சொட்டுகிறது. கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில் ஊற்ற வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். நம் ஊரில் ஓடும் 100 முதல் 200 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆகவே அங்கே சொட்டுவது உங்கள் என்ஜின் ஆயில். அளவு இறங்கிக்கொண்டே போனால் பிஸ்டனும் கேமும் சேர்ந்து பாதிக்கும்.

அந்த மூடிக்குள் ஒழுகும் இடம் ஒன்றல்ல. ஸ்ப்ராக்கெட் மாட்டும் ஷாஃப்டின் சீல், கியர் லீவர் ஷாஃப்டின் சீல், நியூட்ரல் ஸ்விட்ச், சில மாடல்களில் கிளட்ச் புஷ் ராடின் சீல் எல்லாம் கையகல இடத்தில் நெருங்கி நிற்கின்றன. செயினுக்கு அடித்த எண்ணெயும் அங்கேயே வழியும். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, டால்கம் பவுடரைத் தூவிவிட்டு 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அதுதான் இடம்.

ஷாஃப்ட் சீல்தான் என்றால் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்றினீர்களா? பல பைக்குகளில் சீல் உட்காருவது ஷாஃப்டின் மேல் இல்லை, அதன்மேல் போட்ட ஒரு காலரில். காலருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மெல்லிய ஓ-ரிங் ஒன்று உண்டு. அது காய்ந்து இறுகிவிட்டால் எத்தனை சீல் மாற்றினாலும் ஆயில் காலருக்கு அடியில் ஊர்ந்து வரும். செயினையும் பாருங்கள். விறைப்பாகக் கட்டிய செயின், பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஷாஃப்டை இழுத்து பேரிங்கையும் சீலையும் கெடுக்கும். பெரும்பாலான மாடல்களில் 20–30 மி.மீ. தளர்வு கேட்பார்கள்.

குறைந்த ஆயிலை ஈடுகட்ட கார் ஆயிலை ஊற்ற வேண்டாம். சில கார் ஆயில்களில் இருக்கும் வழவழப்புச் சேர்மானம் கிளட்சை வழுக்கவைக்கும். டப்பாவில் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற, ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கசிவை அடைக்கும் திரவம் கடையில் கிடைக்கிறதே, ஊற்றலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. கிளட்ச் நனைந்து ஓடும் ஆயிலில் அதைக் கலந்தால் என்ன செய்யும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கிழிந்த சீலை அது ஒட்டவும் செய்யாது.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. கிளட்சும் வழுக்குகிறது.
– வாசகர், கோவை

இரண்டும் ஒரே நோய். உங்கள் வண்டியில் என்ஜினுக்கு ஓர் ஆயில், என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் பெட்டிக்கு ஓர் ஆயில், ‘ஆல்பியன்’ எனப்படும் நான்கு கியர் பெட்டிக்கு ஒன்று என்று தனித்தனி. கிளட்சுக்குப் பின்னால் உள்ள ஸ்லீவ் கியரின் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்தால், மெயின் ஷாஃப்டை ஒட்டி கியர் ஆயில் பிரைமரி பெட்டிக்குள் நகர்ந்துவிடும். ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் ஏறும்.

பிரைமரி பெட்டியின் லெவல் திருகைத் திறந்து, வழிவதை நிறுத்தும் வரை வடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். திரும்பத் திறக்கும்போது மறுபடி வழிந்தால், கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருந்தால், வந்தது கியர் ஆயில்தான். கிளட்ச் தட்டுகளைக் கழுவினால் தற்காலிகமாக ஓடும். நிலையான வைத்தியம் கிளட்சைக் கழற்றி, ஸ்லீவ் கியர் புஷ்ஷையும் அதன் சீலையும் மாற்றுவது.

இந்த ஆல்பியன் கியர் பெட்டி பாதி கிரீஸ், பாதி ஆயில் என்ற காலத்து வடிவமைப்பு. வெறும் இபி 90 கியர் ஆயிலை ஊற்றினால் இருக்கும் இடைவெளியெல்லாம் தேடி வெளியேறும். 00 கிரேடு அரைத்திரவ கிரீஸுடன் கொஞ்சம் கியர் ஆயில் சேர்த்தால் நன்றாகத் தங்கும். கெட்டியான சேஸிஸ் கிரீஸை அடைத்துவிடாதீர்கள். கியர் அதில் ஒரு வழி வெட்டிக்கொண்டு காய்ந்தே சுற்றும்.

வாரன்ட்டி இருந்தும் “சீல் தேய்மானப் பொருள், கவர் ஆகாது” என்று மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்புகிறார்கள். கம்பெனிக்கு மெயில் அனுப்பினால் அதே டீலரிடம் போகச் சொல்கிறார்கள். என்ன வழி?
– வாசகர், தாம்பரம்

உங்கள் கோபம் நியாயமானது. சீல் தேய்மானப் பொருள் என்று வாரன்ட்டி விதியில் எழுதியிருக்கலாம். ஆனால் ஒரே சீல் மூன்று முறை போகிறதென்றால் கேள்வி சீலைப் பற்றியது இல்லை. பேரிங்கா, ஷாஃப்டா, வார்ப்பில் நுண்துளையா, காற்றுத் துளையா என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அதை அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

ஜாப் கார்டில் “ஆயில் லீக்” என்று மட்டும் எழுதவிடாதீர்கள். “பின் ஷாஃப்ட் சீலில் கசிவு, மூன்றாம் முறை, காரணம் கண்டறிய வேண்டும்” என்று கிலோமீட்டரோடு எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதுவரை வெளி மெக்கானிக்கிடம் பிரிக்க வேண்டாம். “வெளியே கை வைத்தாயிற்று” என்று தட்டிக்கழிக்க அதுவே போதும். கழற்றிய பழைய சீலைக் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரு உறையில் வையுங்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல புகார்கள் இங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். குறைபாட்டைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாத இடத்தில் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, மனுவிலேயே அதைக் கேளுங்கள்.

பிரேக் டிரம்முக்குள் ஒழுகும் வகையாக இருந்தால் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற அரசு உத்தரவிட முடியும். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன, 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். எத்தனை பேர் புகார் பதிகிறார்கள் என்பதை வைத்தும் அந்த நடவடிக்கை தொடங்கலாம். அதே மாடலில் அதே கசிவு உள்ளவர்களைத் தெரிந்தால் அவர்களையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள்.