பாலாற்றங்கரை உவர் நிலத்தில் டாமரிக்ஸ் நடலாமா?

ராணிப்பேட்டைக்கு அருகே பாலாற்றை ஒட்டிய உங்கள் நிலம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் உவர்ந்துவிட்டதாகவும், பாலைவனத்து உப்பு மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் டாமரிக்ஸ் என்னும் புதரை நட்டால் மண் திருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செடி பிழைத்துக்கொள்ளும்; மண் திருந்தாது. வாலாஜாப்பேட்டைப் பக்கம் இத்தகைய நிலத்தோடு மல்லுக்கட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டாமரிக்ஸ் உப்பைத் தின்று தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஆழமாக இறங்கும் வேர்கள் உப்புநீரை உறிஞ்ச, செதில் போன்ற மிகச் சிறிய இலைகளில் உள்ள சுரப்பிகள் அந்த உப்பைக் கரைசலாக வெளியே தள்ளுகின்றன. பகல் வெயிலில் அது படிகமாகி இலைமேல் படிகிறது. அந்தப் படிகங்களுள் சில இரவில் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்கின்றன என்றும், அந்த நீரைச் செடி பயன்படுத்திக்கொள்கிறது என்றும் அபுதாபியில் உள்ள ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். பாலைவனத்தில் இதைவிடச் சாமர்த்தியமான பிழைப்பு இருக்க முடியாது. ஆனால் இலை உதிரும்போது அந்த உப்பும் கூடவே கீழே விழுகிறது. அடிமண்ணில் கிடந்தது மேல்மண்ணுக்கு வந்துவிடுகிறது. நெல்லோ கேழ்வரகோ முளைக்க வேண்டிய அடுக்கு அதுதான்.

அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டில் இச்செடியை அழகுக்காகவும், பின்னர் காற்றுத் தடுப்புக்காகவும் கரை அரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். கொலராடோ, ரியோ கிராண்டே ஆற்றங்கரைகளை அது மூடிவிட்டது. வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்குப் பல லட்சம் விதைகளைக் காற்றில் விடும். அதைக் கட்டுப்படுத்த, அதன் இலையைத் தின்னும் வண்டுகளை 2001இல் அங்கே திறந்துவிட்டார்கள். அழிவின் விளிம்பில் உள்ள ஒரு சிறு பறவை அந்தப் புதர்களிலேயே கூடு கட்டத் தொடங்கியிருந்ததால், 2010இல் அமெரிக்க வேளாண் துறை அந்த வண்டுத் திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. சீமைக்கருவேலத்தோடு நாம் படும் பாடு போதாதா? மணல் வெளியாகக் கிடக்கும் பாலாற்றுப் படுகையின் ஓரத்தில் இன்னொன்றை நான் நடமாட்டேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மழை. பாலைவனத்தில் உப்பைக் கரைத்துக் கீழே அனுப்ப நீர் இல்லை. அதனால்தான் அங்கே உப்போடு வாழத் தெரிந்த செடி தேவைப்படுகிறது. நம் பகுதியிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதை வரப்புக்குள் நிறுத்தி, உப்பைக் கரையவிட்டு, வடிகால் வழியே வெளியேற்றுவதே உண்மையான சீர்திருத்தம். வடிகால் இல்லாமல் நீரைக் கட்டினால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, வெயில் காலத்தில் உப்பு மீண்டும் மேலே பூத்துவிடும்.

கிணற்று நீரையும் கவனியுங்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்பு உள்ள நீரை ஒரு பருவத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவு பாய்ச்சினால், ஏக்கருக்குச் சுமார் 4 டன் உப்பு சேர்கிறது. எந்தப் புதரை நட்டாலும் அந்தக் கணக்கை ஈடுகட்ட முடியாது.

ஆகவே முதலில் மண்ணையும் நீரையும் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ சோதித்துக்கொள்ளுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேல் இருந்தால் உவர்; மண்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு (அறிக்கையில் ESP) 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. வெறும் உவருக்கு அதை வாங்கிக் கொட்டுவது வீண் செலவு. பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். வேலியோரத்துக்குப் பூக்கும் செடிதான் வேண்டும் என்றால் உகா இருக்கிறது, புங்கனும் இருக்கிறது. இரண்டும் உப்பைத் தாங்கும், இரண்டும் நம் மண்ணுக்குப் பழகியவை. உப்பு குறைவாக உள்ள மேட்டுப் பகுதியில் ஆவாரை வைக்கலாம். தோல் பதனிடக் குரோமிய உப்பு வருவதற்கு முன் வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் கூடங்கள் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தன என்பதும், டாமரிக்ஸ் செடியில் பூச்சிகளால் உண்டாகும் காய் போன்ற புடைப்புகளும் வேறு நாடுகளில் அதே வேலைக்குப் பயன்பட்டன என்பதும் ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

குரோமியத்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். வழக்கமான மண் சோதனை அட்டையில் அது வராது. அது மிகுந்திருந்தால், ஆய்வு முடிவு தெளிவாகும்வரை அந்த நிலத்தில் கீரையும் மாட்டுத் தீவனமும் பயிரிடாதீர்கள். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது இந்த வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில்தான். எனவே சோதனை அறிக்கைகளைப் பட்டா நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.